ஒரு வாசல் தூரம்

மழை ஓய்ந்து, பாத்திகளில் சேறு மிதிக்கத் தொடங்கிய வாரத்தில், தருவைமேட்டு உப்பளங்களில் ஒருவர் சொன்ன சொல் அடுத்தவர் வாயில் ஏறி நடக்க ஆரம்பித்தது. முதலில் அது வந்தது சுடலிக்கு. கிழக்கு அளத்தின் கடைசி வீட்டில், ஓடைக்கரையில் குடியிருந்தவள் அவள். வாசலில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது அவள் வாய் தானாகத் திறந்து, "நடு அளம், பம்பு செட்டு வீட்டுக்கு: உங்க ஆடு ஓடைக்கரைல வந்து கெடக்கு" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. சுடலிக்கு எந்த ஆட்டைப் பற்றியும் தெரியாது. அடுத்த வீட்டுக்காரியின் வாயும் அதையே சொன்னது, அதற்கடுத்த வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரையோடு அதையே சொன்னார், இப்படி வீடு வீடாகப் போய்க் கடைசியில் பம்பு செட்டு வீட்டுக்காரன் கயிற்றை எடுத்துக்கொண்டு ஆட்டைப் பிடிக்கக் கிளம்பினான்.

இதற்குக் காரணம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. உப்பளத்தில் காரணம் கேட்கிற பழக்கமில்லை. கேட்கத் தொடங்கினால், உப்பு விளைவிக்கிறவன் வீட்டுக் கஞ்சியில் ஏன் உப்புக்கு மேல் ஒன்றுமில்லை, நாற்பது வயதில் அவன் கண் ஏன் பூத்துப்போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டுச் சொல் ஏன் வாய்மாறிப் போகிறது என்று மட்டும் கேட்பது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை.

தருவைமேட்டில் நாலு அளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை வீடு, நடுவே கண்ணைக் கூசவைக்கும் பாத்திகள், நடந்தால் கால் வெடிக்கிற வரப்புகள். வடக்கு அளம் மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம். இக்கரையில் சுடலியின் வாய் சொன்னதை அக்கரையில் ரஞ்சிதத்தின் வாய் எடுத்துக்கொள்ளும். ஒரு சேவல் விஷயத்தில் அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. வாய்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

தொடக்கத்தில் கூச்சம் இருந்தது. கோயில் உபதேசியார் ஜெபத்தின் நடுவில், கண்ணை மூடி, கையை உயர்த்தி, "ஏல மூதேவி, வாங்கிட்டுப் போன கருவாட்டுச் சட்டியத் திருப்பிக் குடு" என்றார். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று சபை தவித்தது. கல்யாணமாகாத பெண்ணுக்கு அவள் மாமன்மகன் அனுப்பிய சொல் கங்காணியின் வாய்வழியாகப் போனபோது, கங்காணியின் பெண்டாட்டி விளக்குமாற்றை எடுத்தாள். ஆனால் மனிதர்கள் எதற்கும் ஒரு முறை உண்டாக்கிக்கொள்வார்கள், அதுவும் ஏழைகள் சீக்கிரமாகவே உண்டாக்கிக்கொள்வார்கள். தன் வாய்வழியாகப் போகிற சொல்லைத் தன் காது கேட்கக் கூடாது என்பது முதல் முறை ஆயிற்று. அது யார் சொன்னது, யாருக்கு, ஏன் என்று கேட்பது அடுத்த வீட்டுச் சட்டியைத் திறந்து பார்ப்பதைவிடக் கேவலம் என்றாயிற்று. கேட்டாலும் முகத்தில் காட்டாமல், மீனை ஆய்ந்துகொண்டே, உலை வைத்துக்கொண்டே, பிறர் துக்கத்தையும் பிறர் ஆசையையும் சொல்லிக் கடத்திவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

சொல்லுக்கு முன்னால் அளத்தின் பெயர், வீட்டின் பெயர், ஆளின் பெயர் வரவேண்டும். இல்லாவிட்டால் அது முதல் வாயிலேயே திகைத்து நின்றுவிடும். ஒரு வாய் ஒரு மூச்சளவுதான் சுமக்கும். அதனால் நீளமாகப் பேச வேண்டியவர்கள் பேச்சை மூச்சு மூச்சாக நறுக்கி, ஒன்று, இரண்டு என்று தலையில் எண் வைத்து அனுப்பினார்கள். ஒரு துண்டு பம்பு செட்டு வழியாகப் போகும், இன்னொன்று முகத்துவாரத்து மீன்காரக் குடிசைகளைச் சுற்றிக்கொண்டு போகும், பின்னால் கிளம்பியது முன்னால் போய்ச் சேரும். வாங்குகிறவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, நடுவில் ஒன்று குறைந்தால் அது வரவில்லை என்று திருப்பிச் சொல்லி அனுப்புவார். முழுசாகச் சேர்ந்தால் "வந்தது" என்று ஒரு சொல் திரும்பி வரும். அந்த "வந்தது" வரும்வரை அனுப்பியவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் யாருக்கும் வெட்கமில்லை.

கடலில் போய்த் திரும்பாதவன் பெண்டாட்டி ஒருத்தி அவன் பெயருக்கு ஒரு சொல் அனுப்பினாள். அந்தப் பெயருக்கு வீடு இல்லை. இந்த வீடு அந்த வீட்டுக்கு வழி தெரியும் என்று நினைத்தது, அந்த வீடு இந்த வீட்டுக்குத் தெரியும் என்று நினைத்தது, சொல் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது, இரண்டு வீட்டிலும் சோறு பொங்கவில்லை. அதற்கும் ஒரு முறை செய்தார்கள்: பல வாய் தேய்ந்த சொல்லைக் கடைசியாகச் சொன்னவர் வாசலில் இறக்கி வைத்துவிட வேண்டும், யாரும் மறுபடி எடுக்கக் கூடாது. இறக்கி வைத்த அன்று அந்த வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் தெளித்தார்கள்.

வாய்கள் வழி தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் கெட்டது அதில்தான். தினமும் பொழுது சாயும் வேளையில் தண்ணி லாரி வந்து நடு அளத்துத் தொட்டியை நிரப்பும். குடத்தோடு வந்தவர்கள் வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் தன் வழி சொல்வார்கள்: "வடக்கு அளம் என் வழியா ஆறு வாசல்." "மேற்கு அளம் என் வழியா ரெண்டு வாசல்." கேட்டவர் வாய் எது குறைவோ அதை எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு வீடு இடிந்தால், ஒருவர் ஊருக்குப் போனால், மறுநாள் தொட்டியடியில் எண் மாறும், சொல் வேறு வழியில் திரும்பும். ஊர் முழுவதையும் தெரிந்தவர் என்று யாருமே கிடையாது. அடுத்த வாசல் எது என்று மட்டும் ஒவ்வொருவருக்கும் தெரியும், அது போதுமானதாக இருந்தது. சொன்ன எண் சரியா என்று யாரும் சோதிக்கவில்லை. சொல் சுமப்பது கூலியில்லாத வேலை. இல்லாத வேலையைத் தன் தலையில் இழுத்துக்கொள்ள யார் பொய் சொல்லப்போகிறார்கள் என்று இருந்துவிட்டோம்.

சென்னையில் நெட்வொர்க் கம்பெனியில் இருக்கிற என் தங்கை மருமகனிடம் பின்னாளில் இதைச் சொன்னேன். உலகத்தில் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவது அச்சாக இப்படித்தான், மாமா, என்றான். ஒரு கம்ப்யூட்டர் அந்த ஊருக்கு நான்தான் பக்கம் என்று பொய் சொன்னால் மற்றதெல்லாம் நம்பிவிடும், பாதி தேசத்தின் பேச்சு ஒரு குழிக்குள் போய் விழும், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் என் சம்பளம் என்றான். நாங்கள் கூலியில்லாமல் செய்ததை அவர்கள் சந்தா வாங்கிக்கொண்டு செய்கிறார்கள், வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இனி தங்கபுஷ்பத்தின் கதை. நடு அளத்தில் உப்பு வாருகிறவள், புருஷன் இல்லை, பட்டுக்கனி என்று ஒரே மகள். அந்த மகள் லாரியில் உப்பு ஏற்றுகிற மரியதாசனோடு ஓடைக்கு அந்தப் பக்கம் போய்க் குடித்தனம் வைத்தாள். அவன் வேறு சாதி, வேறு வேதம். அவள் படியை மிதிப்பதில்லை என்று தங்கபுஷ்பம் சபதம் போட்டாள், நாலு அளமும் கேட்கப் போட்டாள். அதன் பிறகு மகள் உண்டானாள். ஏழாம் மாதத்தில் வளையல் போட்டு அழைத்துவர வேண்டியவள் அழைக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் மகள் வந்தாள் என்றால் அது வந்தவளுக்கும் அசிங்கம், வயிற்றில் இருப்பதற்கும் அசிங்கம். ஒரு சொல் அனுப்பினால் போதும் என்று சுடலி ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அத்தனை வாய் அதைச் சொல்ல வேண்டுமே என்று தங்கபுஷ்பம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கோடையில் வேலைநிறுத்தம் வந்தது. நிழலுக்கு ஒரு கொட்டகை, குடிக்க நல்ல தண்ணீர், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, இவ்வளவுதான் கேட்டோம். முதலாளிகள் நாலு அளத்துக்கும் நடுவே இருந்த கதவுகளைப் பூட்டி, பொழுது சாயும்போது தொட்டித் தண்ணீருக்கு மட்டும் திறந்தார்கள், ஓடைப் பாலத்தில் போலீஸைப் போட்டார்கள், ஓர் அளத்து ஆளுக்கு இன்னோர் அளத்தில் நடப்பது தெரியாமல் வைத்தால் ஆறே நாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். மற்ற ஊர்களில் அந்தக் கணக்கு பலித்திருக்கிறது. இங்கே பாலத்தை மூடினால் சொல் முகத்துவாரத்தைச் சுற்றியது. முகத்துவாரத்துக் குடிசைகளைக் காலிசெய்தால், உப்பு அம்பாரத்துக்கு முதலாளிகள் வைத்த காவல்காரனின் வாயே அதை எடுத்துக்கொண்டு போனது. அவன் கையால் வாயைப் பொத்திப் பார்த்தான், விரலிடுக்கில் வந்தது. எதை வெட்டுவது என்று முதலாளிகளுக்குத் தெரியவில்லை. வெட்டுவதற்குத் தலை இருந்தால்தானே. நான் எத்தனையோ போராட்டம் பார்த்திருக்கிறேன், அந்த மாதிரி ஒன்றை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

சங்கச் செயலாளர் தோழர் ஞானையா. அவரைத் திருடன் என்று சொல்கிறவன் என் எதிரில் வர வேண்டாம். இரண்டு தடவை ஜெயில், இடது கையில் சுண்டுவிரல் மடங்காது, அது லாக்கப்பில் ஆனது. ஆனால் தன் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று நன்றாக நடப்பதை அவரால் தாங்க முடியாது. எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாமல், நாளைக்கு வேலையில் இறங்கலாம் என்று ஒரு சொல் மேற்கு அளத்தில் சுற்றியது. பத்து வாய் தாண்டுவதற்குள் அது பொய் என்று அவர்களே இறக்கி வைத்துவிட்டார்கள். ஞானையா அதைப் பிடித்துக்கொண்டார். யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் பேசுகிற இடம் சந்தைக்கடை, அது சங்கம் அல்ல, சொல்லுக்கு ஒரு தலைமை வேண்டும் என்று கமிட்டியில் பேசினார். இனி எல்லாச் சொல்லும் சங்கக் கொட்டகை வழியாகப் போகட்டும் என்றார். கமிட்டி கைதூக்கியது. நாங்கள் கைதூக்கிப் பழகியவர்கள்.

அன்று பொழுது சாய, தொட்டியடிக்கு ஞானையா குடமில்லாமல் வந்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வழி மறித்தது சுடலி மட்டும்தான்.

"அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு வாய்தான இருக்கு."

"இது ஜெயிலுக்குப் போன வாய் தாயி, தாங்கும்."

கை தட்டினார்கள். ஞானையா நிமிர்ந்து நின்று, முறைப்படி, மேடையில் பேசுகிற குரலில் சொன்னார்: "கிழக்கு அளம் என் வழியா ஒரு வாசல். மேற்கு அளம் என் வழியா ஒரு வாசல். நடு அளம் ஒரு வாசல். வடக்கு அளம் ஒரு வாசல்." கொட்டகையிலிருந்து வடக்கு அளம் எட்டு வாசல். அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். ஆனால் வாய்களுக்கு எண் மட்டும்தான் தெரியும், நியாயம் தெரியாது. இருந்த வாயெல்லாம் தன் பழைய வழியை மறந்தது.

மறுநாள் விடியும்போதே ஞானையா பேசிக்கொண்டிருந்தார். நாலு அளத்துச் சொல்லும் அவர் வாயில் வந்து குவிந்தது. போராட்டச் செய்தி ஒன்று என்றால், குழந்தைக்குப் பேதி, மண்ணெண்ணெய் இருக்கிறதா, உன்மேல்தான் உசிர், நீ நாசமாய்ப் போவாய் என்பவை நூறு. ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது அதன் காலை மிதித்தது. பல் விலக்க முடியவில்லை, ஒரு வாய் கஞ்சி குடிக்க முடியவில்லை, கஞ்சியோடு உதட்டில் நின்றால் சொல் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. சொல்ல முடியாதவை அவர் காலடியில் பொலபொலவென்று உதிர்ந்தன. அனுப்பியவர்களுக்கு "வந்தது" வராததால் முறைப்படி திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதனால் குவியல் இன்னும் பெருத்தது.

மதியத்துக்குள் ஞானையாவுக்கே புரிந்துவிட்டது. அவர் தட்டுத் தடுமாறித் தொட்டியடிக்கு வந்தார், தான் சொன்ன வழியைத் தானே திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று. அதற்கு அவர் தன் வாயால், என் வழி இல்லை, என்று சொல்ல வேண்டும். அந்த வாய் அவருடையதாக இல்லை. அவர் கண்ணில் நீர் வழிய, கையைப் பிசைந்துகொண்டு நின்றார், வாய் மட்டும் யாரோ ஒருத்தியின் வெற்றிலைப்பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. கமிட்டிக்காரர்கள் அவருக்குப் பதிலாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர் வழியை இன்னொருவர் சொல்லி வாய்கள் கேட்பதில்லை.

தங்கபுஷ்பம் தன் சபதத்தை விழுங்கியது அந்த நாளில்தான். ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. பாலத்தில் போலீஸ் நின்றது. முந்தின நாள் இரவெல்லாம் யோசித்திருப்பாள் போலிருக்கிறது, காலையில் குளித்து, வெளுத்த சேலை கட்டி, வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரி முகத்துக்கு நேரே, யாரும் கேட்கட்டும் என்ற குரலில் சொன்னாள்:

"வடக்கு அளம், மரியதாசன் வீடு, பட்டுக்கனிக்கு: அம்மை கூப்பிடுதேன், வீட்டுக்கு வா."

ஒரு மூச்சுக்குள் அடங்குகிற சொல்தான். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாய் உதறிப் போட்டாள், பழைய சேலையைக் கிழித்துத் துணி மடித்து வைத்தாள், பிறகு "வந்தது" வருமென்று வாசலுக்கு வந்து நின்றாள்.

அந்தச் சொல் கொட்டகை வரைக்கும் போயிற்று. ஞானையாவின் வாய் "பட்டுக்கனிக்கு: அம்மை" என்பதுவரை சொன்னது, அதன்மேல் மேற்கு அளத்து மருந்துக் குப்பிச் சொல் ஒன்று வந்து விழுந்தது, மிச்சம் அவர் காலடியில் போயிற்று. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் காதில் அந்த இரண்டு சொல்லும் விழுந்தன. தங்கபுஷ்பத்தின் வைராக்கியம் தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை. ஆனால் பிறர் சொல்லைக் கேட்காத மாதிரி இருப்பதுதான் முறை. இருந்தார்கள்.

மற்றவர்கள் ஆட்டுக்கும் மண்ணெண்ணெய்க்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தங்கபுஷ்பம் சொல்லவில்லை. இன்னொரு தடவை சொல்லேன் மைனி, கொட்டகையில் கூட்டம் நெரியுது, விட்டுப்போயிருக்கும், என்று பக்கத்து வீட்டுக்காரி கெஞ்சினாள்.

"தாய் ஒருக்காதான் கூப்பிடுவா. ரெண்டாவது கூப்பிட்டா அது பிச்சை."

மகளுக்குக் கேட்டிருக்கிறது, பதில் சொல்ல மனமில்லை என்று தங்கபுஷ்பம் முடிவுசெய்தாள். பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள்.

ஞானையாவின் தொண்டை ஒரு நாள் கிழிந்து நின்றது. அதன் பிறகு அவர் வாயில் எந்தச் சொல்லும் ஏறவில்லை, அவருடைய சொல்லும் ஏறவில்லை. சாகும்வரை சிலேட்டில் எழுதிக் காட்டினார், அதிலும் தன்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதற்குள் வடக்கு அளத்தில், எந்தச் சேதியும் வராததால், மற்ற மூன்று அளமும் நம்மைக் கைவிட்டுவிட்டன என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஓர் அளம் போட்டால் மற்றது நிற்காது. நிழல் கொட்டகை இல்லை, கண்ணாடி இல்லை, நல்ல தண்ணீர் இல்லை. முதலாளிகள் வெட்டத் தேடிய தலையை நாங்களே செய்து, மாலை போட்டு, அவர்கள் கையெட்டுகிற இடத்தில் வைத்தோம்.

பழைய வழிகள் திரும்ப வந்திருக்கலாம். தொட்டியடியில் நின்று முன்போல எண் சொன்னால் போதும். ஆனால் ஒருவர் எண் சொன்னால் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார், இவன் எதற்குச் சொல்கிறான் என்று யோசித்தார். சுடலி மட்டும் கொஞ்ச நாள், "வடக்கு அளம் என் வழியா ஒரு வாசல்" என்று மெய்யான எண்ணைச் சொல்லிக்கொண்டு நின்றாள். யாரும் வாங்கவில்லை. பிறகு அவளும் குடத்தை நிரப்பிக்கொண்டு பேசாமல் போனாள். அந்த அதிசயத்தை எவனும் எங்களிடமிருந்து பிடுங்கவில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் நம்புவதை நிறுத்தினோம், அது தானாகப் பட்டுப்போயிற்று.

பாலத்தில் போலீஸை எடுத்த மறுநாள் தங்கபுஷ்பம் ஓடையைத் தாண்டிப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை, நாள் கணக்குப் பார்த்துப் பிள்ளை பிறந்திருக்கும் என்று போயிருப்பாள். மரியதாசன் வீடு பூட்டியிருந்தது, கொடியில் துணியில்லை. அக்கரை முதல் வீட்டு ரஞ்சிதம்தான் வெளியே வந்தாள். பெண் குழந்தை, நான்தான் பார்த்தேன், தாயும் பிள்ளையும் சுகம் என்றாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றதால் மரியதாசனுக்கு இங்கே வேலையில்லை, வடக்கே தொலைவிலுள்ள மரக்காணத்து அளத்துக்கு உப்பு லாரியில் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்றாள். போகும்வரைக்கும் பட்டுக்கனி தினமும் ரஞ்சிதத்தின் வாசலில் வந்து உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னாள். ரஞ்சிதம் வெற்றிலை போட்டால்கூட, இப்பம் போடாதீங்க சித்தி, எதாவது வரும், என்பாளாம்.

"பிள்ள பெத்த சேதிய அம்மைக்குச் சொல்லவான்னு கேட்டேன், மைனி. கூப்பிடாத வீட்டுக்கு எதுக்குன்னுட்டா."

தங்கபுஷ்பம் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை என்று ரஞ்சிதம் சொன்னாள். பிறகு எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ரஞ்சிதத்தின் முகத்துக்கு நேரே நின்று, முறைப்படி அளத்தின் பெயர், வீட்டின் பெயர், ஆளின் பெயர் வைத்துச் சொன்னாள்:

"மரக்காணம் அளம், மரியதாசன் வீடு, பட்டுக்கனிக்கு: அம்மை கூப்பிடுதேன், வீட்டுக்கு வா."

அது இரண்டாவது தடவை. ரஞ்சிதம் தன் வாய் தானாகத் திறக்குமா என்று காத்திருந்தாள். திறக்கவில்லை. அது திறக்காமலாகி வெகுநாள் ஆகியிருந்தது. தங்கபுஷ்பம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ரஞ்சிதம் திரும்பி, வடக்கே அடுத்த வீட்டு வாசலில் நின்றவளைப் பார்த்து, தன் சொந்தக் குரலில், ஒரு சொல் குறையாமல் அதைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கும் வாய் தானாகத் திறக்கவில்லை. அவளும் திரும்பி, அடுத்த வாசலுக்குச் சொன்னாள். இப்படி வாசல் வாசலாக, ஒவ்வொருத்தியும் தெரிந்தே வாயைத் திறந்து, அந்த வரிசை முடிகிற வரைக்கும் அதைக் கொண்டுபோனார்கள். கடைசி வீட்டுக்காரி வெளியே வந்து, அதற்கப்புறம் வீடில்லாத திசையைப் பார்த்து, கொஞ்சம் உரக்கவே சொன்னாள். வெறும் பாத்திகள்தான் இருந்தன. சொல்லிவிட்டு அவள் உள்ளே போகவில்லை. இந்தக் கோடியில் தங்கபுஷ்பம் நிற்கிறவரைக்கும் அந்தக் கோடியில் அவளும் நின்றுகொண்டிருந்தாள்.